வாரி மாறிய எஞ்சினியர்: குருக்கள்மடத்தை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உயர்தரத்தில் கணிதம் படித்து, கம்பஸ் போய், எஞ்சினியராகி, ஒரு ஸ்டார்ட்அப்பில் கோட் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை ஒருநாள் "நான் சேல்ஸுக்கு மாறிட்டன்" என்கிறது. இது முன்னேற்றமா, சறுக்கலா, அல்லது யார் கண்ணோ பட்ட கண்ணூறா? இவ்வினாவுக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று விடை தேடுகிறது இக்கட்டுரை. விடை கடைசிப் பகுதியில் உள்ளது. அவசரக்காரர் நேரே அங்கே போகலாம். ஆய்வேடுகளை எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

1. ஆய்வுச் சிக்கல்

மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையே, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஊர் குருக்கள்மடம். இங்கிருந்து மேற்குக் கரையான படுவான்கரையின் அம்பிலாந்துறைக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். ஆளும் மோட்டார் சைக்கிளும் சாக்கு மூட்டையும் ஒன்றாக ஏறுகிற மிதவையை ஊரார் பாதை என்பார்கள். ஒருவரை ஓட விடாமல் நிறுத்தி வைத்து விசாரிக்க இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடையாது.

"மறுகா மனே, இப்ப என்ன வேலை?"

"ஒரு ஸ்டார்ட்அப்பில அக்கவுண்ட் எக்சிக்யூட்டிவ், பெரியம்மா."

"அக்கவுண்டனா?"

"இல்ல, சேல்ஸ்."

"எஞ்சினியருக்குப் படிச்சிட்டு றெப் வேலையா?"

அதற்குள் கரை வந்துவிடும். விளக்கம் பாதியில் நிற்கும். மறுநாள் ஊரில் பரவுவது அந்தப் பாதிதான்.

சிக்கலுக்குப் பொருளாதாரப் பக்கமும் உண்டு. பெண் பக்கத்தார் வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பதும் இப்பகுதி வழமை. வீடு கொடுக்கிறவர் வேலையைத் துருவுவது அறிவுத் தாகத்தால் அல்ல. மென்பொருள் விற்பனையிலோ வருமானத்தின் ஒரு பங்கு நிலையான சம்பளம். ஏறத்தாழ அதே அளவு, விற்றால் மட்டும் வருகிற கொமிஷன் என்பது பரவலான ஏற்பாடு. "விக்காட்டி?" என்று மாமி கேட்கிற ஒற்றைச் சொல் கேள்விக்கு எந்த எம்.பி.ஏ. பாடநூலிலும் திருப்தியான பதில் இல்லை.

2. முன்னோடிகள்

துறை மாறுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இதே வீதியில் தெற்கே போனால் வரும் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து 1916இல் டிப்ளோமா பெற்றவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். பின்னர் துறவியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. பழந்தமிழர் யாழையும் பண்ணையும் கணக்கால் அளந்து காட்டிய நூல் அது. ஆள் துறை மாறினாரே தவிர, கணக்கைக் கையோடு கொண்டுபோனார் என்பது கவனத்துக்குரியது.

பாக்குநீரிணைக்கு அப்பால், திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் பொறியியல் படித்தவர். பின்னாளில் ஸோஹோ ஆன அட்வென்ட்நெட்டில் ப்ரீ-சேல்ஸ் எஞ்சினியராகச் சேர்ந்தார். விற்பனைக்காரரோடு போய், வாங்குகிறவரின் தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதே அந்த வேலை. அங்கிருந்து வெளியேறி 2010இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அதற்கும் முன்னர், 1964இல் மின்பொறியியல் பட்டம் பெற்ற மைக்கேல் புளூம்பெர்க், வால் ஸ்ட்ரீட்டில் பங்கு விற்கப் போய், 1981இல் வேலை இழந்து, சந்தை விவரம் காட்டும் கணினி முனையத்தைத் தாமே செய்து விற்றார்.

இம்மூவரும் வென்றவர்கள். தோற்றவர்களை ஆய்வேட்டில் யாரும் சேர்ப்பதில்லை. கல்யாணத் தரகர்களின் ஆய்வு முறையிலும் இதே குறைபாடு காணப்படுகிறது.

3. கோட்பாட்டுச் சட்டகம்: கொம்புமுறி

மேலைநாட்டு நிர்வாகவியல் இங்கே உதவாது. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு வந்த கொம்புமுறி விளையாட்டு உதவும். ஊர் இரண்டு வாரியாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு பூட்டி, இரு வாரியும் இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். வென்றவர் பாட்டாலேயே மானத்தை வாங்குவர். வாரி பிறப்போடு வருவது. புருஷன் ஒரு வாரி, பெண்சாதி மற்ற வாரி என்றால் விளையாட்டு முடியும்வரை வீட்டில் பேச்சுவார்த்தை குறையும்.

எந்த ஸ்டார்ட்அப்பிலும் இவ்விரு வாரிகளைக் காணலாம்: செய்கிறவர்கள், விற்கிறவர்கள். நடுவே கொழுவி நிற்பது ஒரு தேதி. "அந்த வசதி அடுத்த மாதம் வந்திடும்" என்று விற்பனை வாரி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும். "ஆரைக் கேட்டுச் சொன்னீங்க?" என்று எஞ்சினியர் வாரி இழுக்கும். காலாண்டின் கடைசிக் கிழமையில் கயிறு விறைக்கும். முறிந்த பிறகு வசைப்பாட்டு அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் நடக்கும்.

இந்தச் சூழலில் வாரி மாறுகிற எஞ்சினியர் இரு பக்கத்துக்கும் துரோகியாகத் தெரிவார். ஆனால் கொம்பைச் சீவியவர் அவர். எந்தக் கணுவில் அது முறியும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அந்தக் கணுவில் பாரம் ஏறுகிற வாக்கை அவர் கொடுக்க மாட்டார். இதுவே எம் கருதுகோள்.

4. கள ஆய்வு

கோடையில் நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. கண்ணகை அம்மனின் வைகாசிச் சடங்குக் காலத்தில் அது ஒலிபெருக்கி சூடாகிற நேரம். அப்படியொரு மாலை, ஆய்வுக்கு உட்பட்ட இளைஞர் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை ஒழுக, அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்குத் தம் நிறுவன மென்பொருளின் டெமோ காட்டிக்கொண்டிருந்தார். உடுக்குச் சத்தம் அமெரிக்காவரை போனது. மறுமுனையில் இருந்தவர் கேட்டார்: இணையம் அறுந்தால் இது வேலை செய்யுமா?

பிறவி விற்பனைக்காரர் "தாராளமாக" என்றிருப்பார். இவர், "செய்யாது. அறுந்த நேரத்தில் பதிந்தது போய்விடும். உங்கள் களஞ்சியத்தில் இணையம் அடிக்கடி போகுமென்றால் இது சரிவராது" என்றார். கொஞ்ச நேரம் உடுக்கு மட்டும் கேட்டது. அடுத்து வந்த கேள்வி விலை பற்றியது.

5. வகைப்பாடு

வாரி மாறுவோர் மூவகைப்படுவர். கோட் அலுத்தவர் முதல் வகை: விற்பனை என்றால் கதைப்பதுதானே என்று போவார், ஒரே நாளில் பலபேர் "வேண்டாம்" என்பதைக் கேட்டபின் திரும்பி வருவார். காசுக்குப் போனவர் இரண்டாம் வகை: நேர்மையானவர், ஏனெனில் அதை ஒளிப்பதில்லை. வாடிக்கையாளரின் வேலை என்னவென்று அறியும் ஆவலால் போனவர் மூன்றாம் வகை: நின்றுபிடிப்பவர் இவரே. மூவருக்கும் பொதுவான நோய் ஒன்றுண்டு. டெமோவில் எல்லாப் பொத்தானையும் அழுத்திக் காட்டுவர். வாங்க வந்தவருக்கு வேண்டியது அதில் ஒன்றுதான்.

6. முடிவும் பரிந்துரையும்

எஞ்சினியர் விற்பனைக்குப் போவது சறுக்கலும் அல்ல, கண்ணூறும் அல்ல. "இது சரிவராது" என்று சொல்லும் தைரியம் கூடவே போகுமானால் முன்னேற்றம். போகாவிட்டால் அது வெறும் இடமாற்றம்.

பெற்றோர் "ஏன் மாறினாய்?" என்று கேட்பதை விட்டு, "நீ விற்பதை நீயே காசு கொடுத்து வாங்குவாயா?" என்று கேட்க வேண்டும். இளையோர் சில வருடமாவது எதையாவது செய்து பார்த்துவிட்டு மாற வேண்டும். கொம்பு சீவாதவருக்குக் கணு தெரியாது. மாறுகிற நாளில், கொமிஷன் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில், வாடிக்கையாளர் பணம் கட்டியபிறகா கையெழுத்திட்டவுடனா வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பெக் இல்லாமல் ஒரு வரி கோட் எழுத மறுத்தவர், ஒப்பந்தத்தை வாசிக்காமல் விற்கப் போகக் கூடாது.