தேயாமல் கிழடாகும் டயர்

அப்பாவின் அம்பாசடரில் ஓடிய டயர் எதுவும் வயதாகிச் செத்ததில்லை. எல்லாம் தேய்ந்துதான் போயின. எண்பதுகளில் சேலத்தில் வாடகைக்கு ஓடிய அந்த வண்டிக்குப் புது டயர் போட்டால் ஒரு வருஷம் வரும், மிஞ்சினால் ஒன்றரை வருஷம். அதற்குள் பட்டன் கரைந்து வழவழவென்று ஆகிவிடும். அதற்கு மேலும் ஓட்டினால் ரப்பருக்கு அடியிலிருந்து நூல் எட்டிப் பார்க்கும். 20,000 கிலோமீட்டர் தாண்டிய டயர் என்றால் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

அன்றைய டயரின் அமைப்பு அப்படி. நைலான் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கும். பக்கச்சுவர் நசுங்கும்போதெல்லாம் ரோட்டில் பதிந்திருக்கும் பகுதியும் கூடவே நெளியும். நெளிந்தால் உரசல், உரசினால் சூடு, சூடானால் ரப்பர் வேகமாகக் கரையும். போதாததற்கு ஏற்காடு. சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் டயரின் வெளிப்பக்கத் தோள் தரையோடு இழுபட்டுக்கொண்டே திரும்பும். சீசன் முடிந்ததும் அந்தத் தோளில் என் கையைப் பிடித்துத் தடவச் சொல்வார் அப்பா. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் அரம் போலப் பிடிக்கும்.

தினமும் காலையில் முதல் சவாரிக்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைப் பார்த்துவிடுவார். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறிக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிந்ததல்ல. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் முறை வைத்து மாற்றிப் போடுவார். பின் சக்கரத்துக்கு ரீட்ரெட் போட்ட டயர் வரும். முன்னால் ஒருபோதும் வராது. “முன்னால வெடிச்சா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது” என்பார்.

பட்டன் தீர்ந்த டயரும் வீணாகாது. நைலான் டயரைக் கத்தியால் அறுக்க முடியும். செருப்பு தைப்பவர் வந்து வாங்கிப் போவார்.

பிறகு ரேடியல் வந்தது. மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை கேட்ட சங்கதி நம் ஊர்க் கார்களில் சாதாரணமாக எத்தனையோ வருஷம் பிடித்தது. இதில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும். பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் எவ்வளவு நெளிந்தாலும் ரோட்டைத் தொடும் முகம் சமமாக நிற்கும். ஆகவே 40,000 கிலோமீட்டர் என்பது இன்று சாதாரணம். பதறாமல் பிரேக் பிடிப்பவருக்கு 60,000கூட வரும். பனி விழும் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனி டயர் மாட்டுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தார் ரோடு கொதிக்கும் சித்திரைக்கும் தண்ணீர் தேங்கும் ஐப்பசிக்கும் ஒரே டயர்தான்.

ஆனால் இந்த நீண்ட ஆயுளை அனுபவிக்கும் அளவுக்கு என் கார் ஓடுவதில்லை. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த வெளியில் வாரம் முழுக்க வெயிலில் நிற்கிறது. ஆபீசுக்கு மெட்ரோ. ஞாயிற்றுக்கிழமை கோயில், எப்போதாவது சேலம். ஆறாவது வருஷத்திலும் பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்தால் சட்டப்படி டயரை மாற்ற வேண்டும். என் டயர் அந்த எல்லையை நெருங்கவே இல்லை.

ரப்பர் நின்றாலும் கெடும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதைத் தின்கின்றன. அதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே மெழுகையும் சில ரசாயனங்களையும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேலே கசிந்து தோல்போலப் படர்ந்து காக்கும். நின்றுகொண்டே இருக்கும் டயரில் அந்தக் கசிவு குறைவு. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. உள்ளே எஃகுப் பட்டைகளைப் பிடித்திருக்கும் ரப்பரும் வறண்டு இறுகும். கத்திரி வெயிலில், நான்கு வழிச்சாலையில், நூறில் போகும்போது அந்தப் பிடி விட்டால் பட்டனோடு சேர்ந்து மேல்பட்டையே உரிந்து போகும்.

இது எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் பக்கச்சுவரைக் குனிந்து பார்க்கிறேன். ‘டாட்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பல, ஐந்து ஆண்டுக்குப் பின் வருஷா வருஷம் காட்டச் சொல்லி, பத்தைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. ஒருநாளும் தரையைத் தொடாத ஸ்டெப்னிக்கும் இந்தக் கணக்கு உண்டு. தெரிந்தவர்களிடம் சொல்கிறேன். பட்டனை நகத்தால் தொட்டுக் காட்டி, “நல்லாத்தானே இருக்கு?” என்கிறார்கள்.

காற்றும் அப்படித்தான். எந்த டயரும் மாதத்துக்கு ஒரு பவுண்டு போல இழக்கும். 33 வேண்டிய இடத்தில் 25 இருந்தால் இரண்டு தோளும் தேயும், சூடேறும்; அதிகமானால் நடு தேயும். பள்ளத்தில் இறங்கி அலைன்மென்ட் கெட்டால் ஒரு பக்கம் மட்டும் போகும். முன் சக்கரம் இழுக்கும் இன்றைய கார்களில் முன் டயர்தான் முதலில் கரையும்; பத்தாயிரத்துக்கு ஒருமுறை முன்பின் மாற்றினால் நான்கும் ஒன்றாக வரும்.

போன வைகாசியில் நான்கையும் மாற்றப் போனபோது அப்பாவும் கூட வந்தார். “பட்டன் புதுசாட்டம் இருக்கேப்பா, எதுக்கு மாத்தறே?” என்றார். பக்கச்சுவரைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெடிப்பில் விரலை ஓட்டினார். கேள்வி அத்தோடு நின்றது.

கழற்றிய டயர்களைக் கடைக்காரர் ஓரமாக அடுக்கினார். கருப்புச் சாயம் பூசினால் அவை புதுசு மாதிரி விலை போகும். அப்பாதான் எழுந்து போனார்.

“தம்பி, இதுக்கு என்ன வெலை வரும்னு சொல்லுங்க, நாங்களே குடுத்துடறோம். நாலுலயும் கத்தியப் போட்டுடுங்க. வேற எவனாவது மாட்டிக்கிட்டு குடும்பத்தோட போவான்.”