வெடிப்பு அண்ணை

பேஸ்மென்ட் தோண்டப்போகிறேன் என்று நோட்டீஸை நீட்டினால் அவர் வாங்கமாட்டார். முதலில் உங்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். "தம்பி, இதைப் பாரும்" என்று ஹோல் சுவரில் ஒரு வெடிப்பைக் காட்டுவார். நீங்கள் இன்னும் ஒரு செங்கல்லைக்கூட அசைத்திருக்கமாட்டீர்கள். அதற்குள் உங்கள் பேஸ்மென்ட் செய்த முதல் குற்றம் அங்கே கூரையிலிருந்து கதவு நிலை வரை ஓடிக்கொண்டிருக்கும்.

லண்டன் ரூட்டிங்கில் விக்டோரியா காலத்து வரிசை வீடு வாங்கிய எவருக்கும் இவரைத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவே 9 அங்குலச் செங்கற்சுவர். அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம், நிலவறையை இன்னும் கொஞ்சம் தோண்டினால் பிள்ளைகளுக்கு ஓர் அறை வரும் என்று கணக்குப் போடுகிற நான்.

அவருடைய வெடிப்புகளுக்குச் சாதகம் உண்டு. குசினி யன்னலுக்கு மேலே போவது ரயில் வெடிப்பு. கீழே நோர்தர்ன் லைன் ஓடுகிற அதிர்வில் வந்ததாம். படிக்கட்டடியில் இருப்பது 2022 கோடையில், வெக்கையில் லண்டன் களிமண் சுருங்கியபோது பிறந்தது. மேல்மாடியில் கிளைவிட்டிருப்பதை மூத்த மகளின் சாமத்தியச் சடங்கன்று கண்டாராம். ஒவ்வொன்றின் இரு கரையிலும் பென்சில் கோடு, பக்கத்தில் திகதி. கிளினிக் அட்டையில் பிள்ளையின் நிறையைக் குறிப்பதுபோல. இடுக்கில் ஒரு பவுண் நாணயத்தைச் செருகிப் பார்ப்பார். நுழையாது. "இப்ப நுழையாது தம்பி, நீர் தோண்டினாப் பிறகு நுழையும்."

நோட்டீஸ் போன மறுநாளிலிருந்து வாட்ஸப்பில் படங்கள். காலை வெடிப்பு, மாலை வெடிப்பு, டோர்ச் வெளிச்சத்தில் வெடிப்பு. ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; சிலந்திவலை. சொன்னேன். "அதுக்குப் பின்னாலை இருக்கு" என்றார்.

கையெழுத்தைக் கேட்டால், "நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையே" என்பார். மாட்டேன் என்றாலும், வாயே திறக்காவிட்டாலும், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்தில் வழி இருக்கிறது. 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் தகராறு என்று அது எடுத்துக்கொள்ளும், சேர்வேயர்கள் வந்து தீர்ப்பு எழுதுவார்கள், வேலை நடக்கும். அண்ணை 14 நாளும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். 15ஆம் நாள் தனக்கென்று ஒரு சேர்வேயரைப் பிடித்தார். அவருக்குக் கூலி கொடுப்பவன் நான். இருவருக்கும் பொதுவாக ஒருவரையே வைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. "உம்மடை ஆளை நான் எப்பிடி நம்பிறது?" என்றார், சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு வடையும் வைத்தார்.

கோபிக்கவும் முடியவில்லை. ஊரில் ஒரு வேலிக் கதியாலுக்காக வருஷக்கணக்கில் கோடேறி இறங்கிய பரம்பரை நாங்கள். பூவரசங் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டவரின் பேரன் நான். அதைக் கண்டுபிடித்தவரின் பேரன் அவர். தவிர, நான் தோண்டுவது அவர் அத்திவாரத்துக்கும் கீழே. பயப்படக் காரணம் இருக்கிறது. சுவரின் அடியை ஒவ்வொரு மீட்டராக, இடைவிட்டு இடைவிட்டுத் தோண்டிக் கொங்கிரீட் நிரப்பினால் ஒன்றும் ஆகாது என்று என்ஜினியர் படம் விரித்துக் காட்டினார். அண்ணை கண்ணாடியைப் போட்டுக் குனிந்து, படத்திலும் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். அது கடதாசியின் மடிப்பு.

பிறகு, வேலைக்கு முன் சுவர் இருக்கும் நிலையைப் படமெடுத்துப் பதிய இரண்டு சேர்வேயரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். எல்லா வெடிப்பையும் காட்டிய உற்சாகத்தில் அண்ணை அவர்களை லொஃப்டுக்கும் ஏற்றிவிட்டார். அங்கே பொதுச்சுவருக்குள் இரண்டு இரும்பு உத்தரங்கள் நுழைந்து நின்றன. அவற்றுக்கும் இதே சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு வீடு விற்ற கிழவியின் கடதாசிகளில் அப்படி ஒன்றும் இல்லை. மேல்மாடி வெடிப்பு ஓர் உத்தரத்தின் நுனிக்கு நேர் கீழே தொடங்குகிறது. லொஃப்ட் கட்டியது எப்போது என்று கேட்டோம். சாமத்தியச் சடங்குக்கு முந்திய வருஷம்.

"கிழவி ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அண்ணை.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் சுவரில் கை வைத்தவனுக்கு அந்தச் சட்டத்தில் அபராதம் கிடையாது. கொடுத்தவனுக்குத்தான் இரண்டு சேர்வேயர்களின் மணிக்கூலியும் இத்தனை மாதக் காத்திருப்பும். நோட்டீஸ் கொடுத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது செல்லாது. மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது.