அடுத்த சபாவின் ரசிகர்

மார்கழி பிறந்ததும் சென்னையில் தென்படும் மனித வகைகளுள் தனித்து ஆராயத்தக்கவர் சீசன் ரசிகர் ஆவார். சீசன் என்பது டிசம்பர் நடுவிலிருந்து பொங்கலை ஒட்டிய நாள்கள்வரை, சபாக்கள் எனப்படும் இசை மன்றங்களில் காலை முதல் இரவுவரை நடைபெறும் பாட்டு, நாட்டிய நிகழ்ச்சிகளின் பெருந்தொகுதியாகும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதன் ஆண்டு விழாவைச் சுற்றியே இப்பருவம் தழைத்தது. அரசியல் மாநாட்டின் வழிவந்ததாலோ என்னவோ, சீசன் ரசிகரிடத்தில் கட்சி தாவும் குணம் சற்று மிகுதியாகவே படிந்துள்ளது.

தாம் அமர்ந்திருக்கும் சபாவில் நடப்பதைக் காட்டிலும், அமராத சபாவில் நடப்பதை ஆழ்ந்து ரசிப்பதே இவ்வகையினரின் தலையாய இலக்கணம். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரத்தில் வீட்டிலுள்ள ஏனையோருக்கு விடுமுறை வாய்க்க, பணி ஓய்வு பெற்ற இவருக்கோ அப்போதுதான் பணிச்சுமை தொடங்குகிறது. காலையில் இசை நுட்பங்களைப் பாடிக்காட்டி விளக்கும் சொற்பொழிவு; நண்பகலில் இளங்கலைஞர்களின் கச்சேரி; மாலையில் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் பெரிய வித்துவான். நண்பகல் கச்சேரிகள் பல கட்டணமின்றி நடைபெறுவதால், அந்நேரத்தில் இவரது எதிர்பார்ப்பு உச்சத்தில் இருக்கும்.

தாளமின்றி ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை தொடங்கிய மாத்திரத்தில், பக்கத்து இருக்கைக்காரர் கேளாமலே அதன் பெயரை அவர் காதில் ஓதிவிடுவார். பைரவி என்று அறிவித்தது பின்னர் மாஞ்சியாக முடிந்தால், பாடகர் இன்னும் தெளிவாகப் பாடியிருக்கலாம் என்று வருந்துவாரேயன்றித் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளார்.

பிரதான உருப்படியை ஒட்டி மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் தனித்து வாசிக்கும் பகுதி தனி ஆவர்த்தனம் எனப்படும். இவரது அகராதியில் அதற்கு 'ஆட்டோ பிடிக்கும் நேரம்' என்று பொருள். அகாடமியில் மிருதங்கம் முழங்கத் தொடங்கியதும், அதே டி.டி.கே. சாலையிலுள்ள நாரத கான சபாவில் ஏதோ அபூர்வம் நிகழ்ந்துகொண்டிருக்கும் என்ற ஐயம் எழ, வரிசையிலுள்ளோரின் கால்களை மிதித்தவாறு வெளியேறுவார். ஆயின் மாலைக் கச்சேரிகள் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்குபவை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் செப்பனிட்ட கச்சேரி முறையையே பெரும்பாலோர் பின்பற்றுபவர்கள். ஆகவே ஒரு தனி ஆவர்த்தனத்திலிருந்து தப்பியவர் மற்றொன்றின் நடுவில் சென்று சேர்வது தவிர்க்கவியலாதது. அப்போது அவருக்கு எஞ்சும் ஒரே புகலிடம் சபா கேன்டீன். அங்கே அடை அவியலுக்கு முன், இருவேறு மேடைகளிலும் தாம் கேளாத பகுதிகளை ஒப்பிட்டு விரிவாகத் திறனாய்வு செய்வார்.

தை பிறந்து மேடைகள் ஓய்ந்தபின், அவ்வாண்டின் தலைசிறந்த கச்சேரி எது என்று வினவினால், தாம் செல்ல இயலாமற்போன ஒன்றையே தயங்காமல் குறிப்பிடுவார். அதன் கல்பனாஸ்வரங்களை, அதாவது மேடையில் அவ்வப்போது புதிதாகப் புனையும் ஸ்வரக் கோவைகளை, அவர் கையசைத்து வர்ணிக்கும்போது, அக்கச்சேரியை முதலிலிருந்து முடிவுவரை கேட்டவர் எவரேனும் அருகில் இருந்தால், இவ்வளவையும் தவறவிட்டோமே என்று அவர் ஏங்குவார்.