புத்தகத்துக்கும் சான்றிதழா?

கேள்வி: சினிமாவுக்கு 'யு', 'ஏ' சான்றிதழ் இருப்பதுபோல, பள்ளி நூலகப் புத்தகங்களுக்கும் கொடுத்தால் என்ன?

பதில்: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கொடுக்கப் பார்த்தது. பள்ளிகளுக்குப் புத்தகம் விற்கும் கடைக்காரர்களே பாலியல் உள்ளடக்கத்தை வைத்து நூல்களைத் தரம்பிரித்துப் பட்டியல் தர வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டது. முன்பே விற்று, பள்ளியில் புழங்கும் நூல்களுக்கும் சேர்த்து!

படத்தை இரண்டரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆயிரக்கணக்கான புத்தகங்களை எந்தக் கடைக்காரர் வரிவரியாகப் படிப்பார்?

அம்மாநிலத்தின் ஆஸ்டின், ஹூஸ்டன் நகரங்களில் உள்ள புத்தகக் கடைகள் வழக்குப் போட்டன. தரம்பிரிக்கும் விதிக்குக் கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பதை, இரண்டையும் அறிந்த நூலகரால் சொல்ல முடியும். பள்ளிதோறும் அவரை நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள்.