யாரை ஜெயிச்சிய பேராண்டி?

வா பேராண்டி, வா. தொப்பி புதுசா? முன்னாடி காலேஜ் பேரு, பக்கத்துல நரியோ ஓநாயோ என்னமோ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கி. நல்லாத்தான் இருக்கு. டிசம்பர் வந்தாச்சு, உங்க பாஸ்கெட்பால் டீம் இன்னும் ஒரு ஆட்டம் தோக்கலைன்னு காலையிலேருந்து வீடு பூரா தண்டோரா போடுத. சந்தோசம்லே. தாத்தனுக்கு ஒரே ஒரு சந்தேகம். யாரை ஜெயிச்சிய?

பேரைச் சொல்லு பாப்போம். முழிக்கான் பாரு! ஜெயிச்சது தெரியும், யாரைன்னு தெரியாது.

உங்கப்பன் வேலைக்குப் போகையில ரிமோட்டை எங்கிட்ட கொடுத்துட்டுப் போறான். இந்த அமெரிக்காவுல பகல் பூரா நான் வேற என்னத்தைப் பாக்க? அதான் இந்த ஆட்டத்தோட உள்ளடி வேலையெல்லாம் எனக்கு அத்துபடி.

நவம்பர்ல சீசன் தொடங்கும்போது பெரிய காலேஜ்காரன் என்ன செய்வான் தெரியுமா? சின்ன காலேஜுக்கு ஃபோனைப் போட்டு, "எங்க ஊருக்கு வந்து ஆடுங்க, பணம் தாரோம்"பான். பதிலுக்கு அவங்க ஊருக்கு இவன் போகமாட்டான். சின்னவன் வருவான், அடி வாங்குவான், செக்கையும் வாங்கிட்டு ஊர் போய்ச் சேருவான். காசு கொடுத்து வெற்றியை வாங்குத ஏற்பாடுதான், ஆனா அப்படிச் சொன்னா கோவிச்சுக்கிடுவாங்க.

எப்பமாவது இந்த ஏற்பாடு கவுந்துரும். 2019 நவம்பர்ல கென்டக்கிதான் நாட்டுலயே நம்பர் ஒண்ணு. எவான்ஸ்வில்லுன்னு ஒரு சின்ன காலேஜுக்கு 90,000 டாலர் பேசி வரவழைச்சான். வந்தவன் 67-64ன்னு ஜெயிச்சான். பணத்தையும் வாங்கிட்டான். அந்த டீமுக்குக் கோச் யாரு தெரியுமா? வால்டர் மெக்கார்ட்டி, அதே கென்டக்கிக்கு ஆடி 1996-ல கோப்பை வாங்கிக் கொடுத்த பழைய பையன்! எனக்கு வயிறு குளுந்து போச்சு.

இரு, கைதட்டாதே. அதே எவான்ஸ்வில் அந்த சீசன்ல தன்னோட கான்ஃபரன்சுக்குள்ள, அதாவது தன் கூட்டத்துக் காலேஜுகளோட, 18 ஆட்டம் ஆடி, 18-லயும் தோத்தான். ஒத்தை ஆட்டத்தைப் பாத்து ஒருத்தனை உச்சியில வச்சிரலாமா? கென்டக்கியை ஜெயிச்ச டீம்னு அவனுக்கு ஒரு தொப்பி அடிச்சிருந்தா மார்ச் மாசம் யாரு போடுவா?

அதனாலதான் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல்'னு ஒண்ணைப் பாக்கான். முதல் டிவிஷன்ல மட்டும் 350-க்கு மேல காலேஜ். ஒருத்தன் ஆடுறது சுமாரா 30 ஆட்டம். எல்லாரும் எல்லாரோடயும் மோத வழியே இல்லை. பிறகு மார்ச் மாசம் கோப்பைக்கு நடக்குத பெரிய போட்டிக்கு எடுக்குத 68 பேர்ல யாரைச் சேக்க, யாரைத் தள்ள? மோதுனவன் லேசுப்பட்டவனா, கெட்டிக்காரனான்னு பாத்துத்தான் ஆகணும்.

1981-லேருந்து 2018 வரைக்கும் ஆர்பிஐன்னு ஒரு கணக்கு வச்சிருந்தானுக. நூத்துல 25 பங்குதான் உன் வெற்றிக்கு. 50 பங்கு உன் எதிராளி எவ்வளவு ஜெயிச்சிருக்கான்னு பாக்க. மிச்சம் 25, எதிராளியோட எதிராளிக்கு. நீ வேர்வை சிந்துனதுக்குக் கால் பங்கு, எவனோ எங்கயோ சிந்துனதுக்கு முக்கால் பங்கு. நியாயந்தானேன்னு தோணும். நம்ம கோச்சுமாரு சும்மா இருப்பானுகளா? ரொம்ப நோஞ்சானைக் கூப்பிட்டா அவன் தோல்வி நம்ம கணக்குல ஏறும். அதனால, அவனவன் ஊர்ல நோஞ்சான்களை அடிச்சுப் பேர் வாங்கி வச்சிருக்கானே, ஆலையில்லா ஊர்ல இலுப்பைப்பூ மாதிரி, அவனைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டானுக. ஜெயிக்கவும் லேசு, காகிதத்துலயும் கனம்.

2018-19 சீசன்லேருந்து 'நெட்'டுன்னு வேற கணக்கு. அதுல எங்க வச்சு ஜெயிச்சங்கிறதும் சேத்தி. 75-வது இடத்துல இருக்கவனை அவன் ஊர்ல போய் ஜெயிச்சா அது முதல் தர வெற்றி. அதே ஆளை உன் ஊர்ல, உன் ஆளுக கூச்சலுக்கு நடுவுல ஜெயிச்சா இரண்டாந்தரம். இந்த ஒரு விசயம் எனக்குப் பிடிச்சிருக்கு.

மெத்தனமா இருந்து ஏமாந்தவனும் உண்டு. 2014-ல எஸ்எம்யூன்னு ஒரு காலேஜ் 23 ஆட்டம் ஜெயிச்சு வச்சிருந்தான், கோச்சும் சாமானியன் இல்லை, லாரி பிரவுன். ஞாயித்துக்கிழமை மார்ச் போட்டிக்கான பட்டியல் வாசிச்சா பேரே இல்லை. ஷெட்யூல் பத்தலைன்னுட்டாங்க.

ஆனா பேராண்டி, இந்த ஷெட்யூலை வச்சு அடுத்தவனை மட்டந்தட்டுறவன்கிட்டயும் சூதானமா இரு. அதே 2014-ல கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா ஸ்டேட், 34 ஆட்டம் ஆடி ஒண்ணுல கூடத் தோக்காம வந்தான். "யாரை ஜெயிச்சே?"ன்னு ஊரே கேலி பேசுச்சு, இப்ப நான் உன்னைக் கேட்ட மாதிரியே. அந்த வருசம் கென்டக்கி எட்டாம் வரிசையில இருந்தாலும் ஆளுக பூராம் பொறுக்கியெடுத்த பயலுக. மார்ச் போட்டியில 78-76ன்னு விச்சிட்டாவை வெளியேத்துனான். கடைசி நொடியில விச்சிட்டா பையன் வான்வ்லீட் போட்ட பந்து விழுந்திருந்தா கதையே வேற. "நாங்க அப்பமே சொன்னோம்ல"ன்னு கேலி பேசுனவன் குதிச்சான். அதே கென்டக்கி பிறகு ஃபைனல் வரைக்கும் போனதை மட்டும் எவனும் சொல்லலை.

இதுல பெரிய அநியாயம் என்னன்னா, சின்னவன் நல்லா ஆட ஆரம்பிச்சிட்டா பெரியவன் ஒருத்தனும் அவன் ஊர்ப்பக்கம் எட்டிப் பாக்கமாட்டான். கூப்பிட்டா வரமாட்டான். பிறகு பட்டியல் போடுத அன்னைக்கு மட்டும் "நீ யாரோடயும் மோதலையே"ம்பான்.

சரி, இப்ப உன் டீம் அட்டவணையை எடு. ஃபோன்லயே இருக்கும், தேடு. உள்ளூர், உள்ளூர், உள்ளூர்... விரலைச் சீக்கிரம் தள்ளாதே, எனக்குக் கண்ணு தெரியும். வெளியூர் ஆட்டம் ஒண்ணு கூட இல்லையாலே? ஜனவரியில கான்ஃபரன்ஸ் ஆட்டம் தொடங்கினா பஸ் ஏறித்தான் தீரணும், அப்ப பாத்துக்கிடுவோம். அதுக்குள்ள இன்னும் ஒருத்தனைக் காசு கொடுத்துக் கூப்பிடுத யோசனை இருந்தா, உங்க கோச்சுகிட்ட தாத்தா சொன்னேன்னு சொல்லு: செக்கு எழுதுறதுக்கு முன்ன அவங்க கோச் எந்தக் காலேஜ்ல ஆடுனவன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுக்கிடச் சொல்லு.