டாருவின் பொறுமை

பொறுமையில் பப்புவா நியூகினியின் டாருவை மிஞ்ச ஊர் இல்லை. பதினைந்து சதுர கிலோமீட்டர் தேறாத தீவு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 15,000 பேர். பரப்பில் நாட்டின் மிகப்பெரிய மாகாணமான மேற்கு மாகாணத்துக்கு இதுவே தலைநகரம். வடக்கு மலைக்காரர் இங்கே ஒரு கையெழுத்து வாங்க ஆறும் கடலும் தாண்டியோ விமானம் ஏறியோ வரவேண்டும். அத்தனை தூரம் வருகிற அவர்களையும் சேர்த்தே பாராட்டுகிறேன்.

டாருவின் நெருக்கமான குடியிருப்புகளைக் ‘கார்னர்’ என்பார்கள். ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள். 2010 கடைசியில் காலரா வந்து பலரைக் கொண்டுபோனது. அடுத்து, மருந்துக்கு அடங்காத காசநோய். 2014இல் அதை அவசரநிலையாக எடுத்துக்கொண்டது அரசு. பல ஆண்டுகள் பரவவிட்ட பிறகு என்றாலும், எடுத்துக்கொண்டதே. ஆஸ்திரேலியாவும் தாராளமாக உதவியது. டோரஸ் நீரிணையில் உள்ள அதன் தீவுகளுக்கும் இந்தக் கரைக்கும் இடையே படகில் போய்வரும் தூரம்தான்.

ஆனால் நோயை மடக்கியவர்கள் டாருக்காரர்கள். அன்று இரண்டு ஆண்டுவரை நீண்ட சிகிச்சை, கைநிறைய மாத்திரை, மாதக்கணக்கில் ஊசி. காது கேளாமல் போகவும் வாய்ப்பு இருந்தது. உள்ளூர் இளைஞர்கள் கார்னர் கார்னராகப் போய், பக்கத்தில் இருந்து மாத்திரையை விழுங்கவைத்தார்கள். சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அவ்வளவு கட்டுப்பாடு உள்ள மக்கள், காசநோய் பரவாத அளவுக்குக் காற்றோட்டமான ஒரு வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். காத்திருப்பதும் அவர்களுக்குக் கைவந்திருக்கிறது.

மாகாணம் ஏழையா? இங்குள்ள ஓக் டெடி சுரங்கத்திலிருந்து 1984 முதல் தங்கமும் பிறகு செம்பும் போகின்றன. கழிவைத் தேக்கக் கட்டிக்கொண்டிருந்த அணை அந்த ஆண்டே மண்சரிவில் பாழானது. பிறகு அணையே கட்டாமல் கழிவை ஆற்றில் விட்டார்கள். அது ஃப்ளை ஆற்றில் கலந்து, டாருவுக்கு அருகே கடலைச் சேர்கிறது. இந்தச் சுரங்கம் தன் சுற்றுச்சூழல் கொள்கைக்கு ஒத்துவராது என்று 1999இல் அதை நடத்திய பி.எச்.பி. நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை எத்தனை நிறுவனங்களுக்கு வரும்? மாசு வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பையும் வாங்கிக்கொண்டு 2002இல் விலகிய முன்யோசனையும் சிலருக்கே வரும்.

விட்டுப்போன பங்குகளில் பிறந்த நிதி நூறு கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. மேற்கு மாகாண மக்களுக்கென்று சிங்கப்பூரில் பத்திரமாக வைத்தார்கள். அதன் கட்டுப்பாட்டுக்காக அரசு பல ஆண்டுகள் வழக்காடி 2019இல் தோற்றது. பணத்தைக் காத்தவர்கள் கெட்டிக்காரர்கள். கேட்டு வழக்காடியவர்களும் சளைக்காதவர்கள். இதே சளைக்காமை டாருவின் ஒவ்வொரு கார்னருக்கும் குடிநீர் கொண்டுவருவதிலும் தெரியட்டும். அன்று இருவரையும் இதைவிட மனமாரப் புகழ்ந்து எழுதுவேன்.