டவுன்டன் மாளிகையில் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம்

லண்டன் ஐடிவி தொலைக்காட்சியின் நாடகப் பிரிவு அதிகாரிகள் சமூகத்துக்கு,

2010 முதல் 2015 வரை தாங்கள் ஒளிபரப்பிய 'டவுன்டன் அபி' தொடரின் ஆறு சீசன்களையும் பார்த்து முடித்த தகுதியில், கிரந்தம் பிரபுவின் மாளிகையில் எடுபிடி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். வாய்த்துடுக்கு கிடையாது. முதல் சீசனில் முணுமுணுக்கிற வேலையாட்கள் தாமஸும் ஓ'பிரையனும். வில்லன்களும் அவர்களேதான். பாடம் படித்துக்கொண்டேன்.

இப்படி ஒரு எஜமானர் யாருக்குக் கிடைப்பார்! சமையற்காரம்மா மிஸஸ் பாட்மோருக்குக் கண் மங்கியதும் தன் செலவில் லண்டனுக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்விக்கிறார். அந்தப் புண்ணியவான் மனைவியின் சீதனத்தைக் கனடா ரயில்வே பங்கில் தொலைத்தபோது நானும் சேர்ந்து கண்கலங்கினேன்.

நடுவில் இந்த வரலாற்றுக்காரர்கள் வந்துதான் குட்டையைக் குழப்புகிறார்கள். 1911இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தாராம். வீட்டு வேலைக்காரர்களுக்கும் நோய் வந்தால் வைத்தியமும் பணமும் உண்டு. எஜமானியும் வேலைக்காரியும் வாரம் சில பென்னி கட்டி, அட்டையில் முத்திரை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். அந்த நவம்பரில் சீமாட்டிகள் ஆல்பர்ட் ஹாலில் திரண்டார்கள், வேலைக்காரிகளையும் கூட்டிக்கொண்டு. முத்திரையை நக்கி ஒட்ட மாட்டோம் என்றார்கள். எஜமானிக்கும் வேலைக்காரிக்கும் உள்ள பாசம் கெட்டுவிடுமாம்!

உங்கள் கதை தொடங்குவது டைட்டானிக் மூழ்கிய 1912 ஏப்ரலில். சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூலையில். ஆனாலும் மிஸஸ் பாட்மோரின் கண்ணுக்குப் பிரபுவின் மனசுதான் காப்பீடு. சட்டம் என்றால் கேட்டு வாங்கலாம். மனசென்றால் கைகட்டி நிற்க வேண்டும். நான் நிற்கத் தயார்.

1911 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் 12 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் மாளிகையில் அல்ல, நடுத்தர வீடுகளில் ஒற்றை ஆளாக மாடிக்கும் சமையலறைக்கும் ஓடியவர்கள். அரட்டைக்குத் துணை கிடையாது. காமிராவுக்கு அழகாக இருந்திருக்காது, விட்டுவிடுங்கள்.

என் கொள்கை குறித்தும் கவலை வேண்டாம். உங்கள் வீட்டுக்குக் கார் ஓட்ட வந்த பிரான்சன் அயர்லாந்துக்காரர், சோஷலிஸ்ட். பிரபுவின் மகளையே கட்டி, கடைசியில் அந்தப் பண்ணைக்கே நிர்வாகி ஆனார். எனக்கு அதில் பாதி முன்னேற்றம் போதும். 2019 திரைப்படத்தில் வேலையாட்கள் ஒரு கலகமே செய்கிறார்கள்: மாளிகைக்கு விருந்தாளியாக வரும் அரசரின் ஆட்களை ஒதுக்கிவிட்டு, அரசருக்குத் தாங்களே பரிமாறும் உரிமைக்காக! தொடரை 1926 புத்தாண்டோடு முடித்தீர்கள். படத்தை 1927இல் தொடங்கினீர்கள். 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தம் அந்த இடைவெளியில் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. கதாசிரியர் ஜூலியன் ஃபெல்லோஸ் 2011 முதல் பிரபுக்கள் சபையில் கன்சர்வேடிவ் உறுப்பினர். மேல்மாடி விவரங்களில் பிசகு இல்லாததில் என்ன ஆச்சரியம்!

டவுன்டன் கதை முடிந்துவிட்டதென்றால் அடுத்த மாளிகைத் தொடரிலாவது எனக்கு இடம் கொடுங்கள். கூடவே அந்த ஆல்பர்ட் ஹால் கூட்டத்தையும் ஒருமுறை காட்டுங்கள். செலவு அதிகமில்லை: தொப்பிகளும் கவுன்களும் உங்கள் கிடங்கிலேயே இருக்கும், முத்திரை மட்டும் வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஊழியனாக விரும்பும்
ஒரு தமிழ் நேயர்